காணாத பொருளா, திருத்த வேண்டிய விதியா?

பிரபஞ்சம் விரிந்து செல்கிறது என்பதை 1929இல் எட்வின் ஹப்பிள் வெளியிட்ட அவதானிப்புகள் உணர்த்தின. ஈர்ப்பு விசை அனைத்தையும் ஒன்றையொன்று நோக்கி இழுப்பதால், இவ்விரிவு நாளடைவில் தளரும் என்றே அறிஞர் பலரும் எண்ணியிருந்தனர். ஆனால் 1998இல், தொலைதூர விண்மீன் வெடிப்புகளை ஆராய்ந்த இரு குழுக்கள், அவை எதிர்பார்த்ததைவிட மங்கலாகத் தெரிவதைக் கண்டன. விரிவு தளரவில்லை, வேகம் பெற்று வருகிறது.

காரணம் யாது? விடை தேடியோர் இரு வழிகளில் பிரிந்தனர். வெளியெங்கும் நிறைந்த ‘இருண்ட ஆற்றல்’ ஒன்று உண்டு என்றனர் பெரும்பாலோர். 1915இல் ஐன்ஸ்டைன் வகுத்த ஈர்ப்பு விதியே பெருந்தொலைவுகளில் திருத்தப்பட வேண்டும் என்றனர் வேறு சிலர்.

இத்தகைய நிலை வரலாற்றுக்குப் புதிதன்று. யுரேனஸ் கோள் கணக்கிலிருந்து விலகி நகர்ந்தபோது, காணாத வேறொரு கோள் அதனை இழுப்பதாகப் பிரெஞ்சு வானியலறிஞர் லெவெரியே கணித்தார். 1846இல் அவர் சுட்டிய இடத்தருகே நெப்டியூன் கிடைத்தது. புதன் கோளும் கணக்குக்கு மாறியபோது, சூரியனருகே மற்றொரு கோள் இருக்கலாம் என்றார் அவரே. ‘வல்கன்’ எனப் பெயரிட்டுப் பல்லாண்டுகள் தேடினர், கிடைக்கவில்லை. அங்கே போதாமல் போனது நியூட்டனின் ஈர்ப்பு விதி. அக்குறையைத் தீர்த்தது ஐன்ஸ்டைனின் புதிய விதி. ஒரே அறிஞர், ஒரே முறை. முதலில் வெற்றி, பின்னர் தோல்வி.

இன்றைய வழக்கிலும் வானமே சாட்சி கூற வேண்டும். 2017 ஆகஸ்ட் 17 அன்று அத்தகைய சாட்சியம் ஒன்று கிட்டியது. ஏறத்தாழ 13 கோடி ஒளியாண்டுகளுக்கு அப்பால் இரு நியூட்ரான் விண்மீன்கள் மோதி இணைந்தன. அதில் எழுந்த ஈர்ப்பலைகளும் காமா கதிர்களும் இரண்டு விநாடிக்கும் குறைந்த இடைவெளியில் புவியை அடைந்தன. அவ்விரண்டின் வேகமும் வேறுபடும் எனக் கூறிய திருத்தக் கோட்பாடுகள் பல அன்றே வீழ்ந்தன; சில எஞ்சி நிற்கின்றன. மறுபுறம், பிரபஞ்சத்தில் ஏறத்தாழ 68 விழுக்காடு எனக் கணிக்கப்படும் இருண்ட ஆற்றல் எத்தகையது என்பதும் இதுவரை விளங்கவில்லை.

ஆகவே, விஞ்ஞானத்தின் இன்றைய விளக்கமொன்றை எடுத்து, “இதைத்தான் நம் வேதம் அன்றே கூறியது” என்று பிள்ளைகளிடம் உரைக்க நாம் அவசரப்படலாகாது. நாளை அவ்விளக்கம் வல்கனைப் போல மறைந்தால், பிள்ளையின் உள்ளத்தில் ஆட்டம் காண்பது விஞ்ஞானமன்று, ஈமான். படைப்பை ஆராயத் தூண்டுவோம். தீர்ப்பு வராத இடத்தில் “அல்லாஹ்வே நன்கறிந்தவன்” என்று நிறுத்திக்கொள்ளவும் கற்பிப்போம். நம் முன்னோரான ஆலிம்கள் தம் நூல்களை முடித்ததும் அச்சொல்லோடுதானே!