ஒரு ஆள் குறைகிறது

மெர்லிமாவ் பக்கம் தோட்டப் பள்ளியில் படித்த எங்களுக்கு மட்டி, மடையன், பேதை, மிலேச்சன், மூடன் எல்லாருமே தெரிந்தவர்கள். ஆற்றைக் கடந்ததும் தன்னை விட்டுவிட்டு எண்ணி, “ஒரு ஆளக் காணோமே” என்று அழுத பரமார்த்த குருவின் சீடர்கள்.

எழுதியவர் இத்தாலியில் பிறந்த வீரமாமுனிவர் (1680–1747). தமிழ் கற்க வந்த பாதிரியார்கள் பேச்சு நடையில் பழகுவதற்காக எழுதினார். செய்யுளே இலக்கியம் என்றிருந்த காலத்தில் வசனத்தில் ஒரு கிண்டல். அவர் மறைந்து 75 ஆண்டுகள் கழித்து, 1822-இல் பாபிங்டன் அதை லண்டனில் அச்சிட்டார். தேம்பாவணி புலவர்களிடம் தங்கியது. குரு கதை பிள்ளைகளிடம் வந்தது.

ஸ்லோவேனியாவிலும் இதே கதைதான். நீதிபதி ஃபிரான் மில்ச்சின்ஸ்கி (1867–1932) முட்டாள்கள் வாழும் ஊர் ஒன்றை வைத்துப் பெரியவர்களைக் குத்தி எழுதினார். அதையும் பிள்ளைகள் எடுத்துக்கொண்டார்கள்.

பெரியவர்கள் கைவிட்டது நல்லதா? என் பாட்டி விடியற்காலையில் பெரட்டில் நின்றவர். எண்ணும் இடம் வந்தால் சிரிக்க மாட்டார். “எண்றதுக்கு வேற ஆள் இருந்தா, நம்மள நாமே எண்ணப் பழக மாட்டோம்டா.”

இன்று லயன்கள் காலி. தோட்ட வரலாறு என்று கையில் இருப்பது பெரும்பாலும் துரைமார் எழுதிய கணக்கு. நாம் எண்ணிய கணக்கு எங்கே? நாமும் கரையில்தான் நிற்கிறோம்.