ஏற்காட்டில் ஒரே நாளில் 20 செ.மீ. மழை என்றால் எவ்வளவு தண்ணீர்? மண்சரிவு முதல் மஞ்சள்காமாலை வரை... 8ஆம் வகுப்பு புவியியலில் இருக்கும் விடை!

2024 நவம்பர் 30ஆம் தேதி இரவு புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது ஃபெஞ்சல் புயல். கரையைத் தாண்டியதும் ஓய்ந்துவிடும் என்று பலரும் நினைத்திருக்க, உள்மாவட்டங்களில்தான் அது ஆட்டம் காட்டியது. கிருஷ்ணகிரி மாவட்டம் ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 செ.மீ. மழை. திருவண்ணாமலையில் மண்சரிவில் 7 பேர் உயிரிழந்தனர். கடலிலிருந்து வெகுதூரம் தள்ளி இருக்கும் ஏற்காட்டிலும் 20 செ.மீ.க்கு மேல் கொட்டியது. மலைப்பாதையில் மண்ணும் பாறையும் சரிந்து போக்குவரத்து முடங்கியது.

புயல் கடற்கரைக்காரர்களின் பிரச்னை மட்டும்தான் என்ற எண்ணத்தை அந்த இரண்டு நாள் மாற்றிவிட்டது. மலையில் ஏன் இப்படி நடக்கிறது? அதற்குப் பிறகு காய்ச்சலும் மஞ்சள்காமாலையும் ஏன் வருகின்றன? தமிழ்நாடு அரசின் 8ஆம் வகுப்பு சமூக அறிவியல் புத்தகத்தில் 'பாறை மற்றும் மண்', 'நீரியல் சுழற்சி', 'இடர்கள்' என்று தனித்தனிப் பாடங்கள் இருக்கின்றன. ஏற்காட்டில் இந்த மூன்றும் ஒரே பாடம்தான்.

20 செ.மீ. என்றால் எவ்வளவு?

வானிலை மையம் 24 மணி நேரத்தில் பெய்யும் மழையை இப்படிப் பிரிக்கிறது: 7 முதல் 11 செ.மீ. வரை கனமழை, 12 முதல் 20 செ.மீ. வரை மிக கனமழை, அதற்கு மேல் போனால் அதி கனமழை. டிவியில் அடிக்கடி கேட்கும் வார்த்தைகள்தான். ஆனா தண்ணீரோட அளவு மனசுல பதியறதில்லை.

ஒரு சதுர மீட்டர் இடத்தில் 1 மி.மீ. மழை பெய்தால் அது சரியாக 1 லிட்டர். 20 செ.மீ. என்றால் சதுர மீட்டருக்கு 200 லிட்டர், அதாவது ஒரு பெரிய டிரம். ஒரு ஏக்கர் காபித் தோட்டத்துக்கு சுமார் 8 லட்சம் லிட்டர். 12,000 லிட்டர் டேங்கர் லாரியில் பிடித்தால் 67 லாரி! அவ்வளவும் ஒரே நாளில், சரிவான நிலத்தின் மேல்.

மலை ஏன் சரிகிறது?

சேர்வராயன் மலையின் அடியில் இருப்பது சார்னோகைட் என்ற மிகக் கடினமான பாறை. அது அவ்வளவு லேசில் உடையாது. பிரச்னை அதன் மேலே இருக்கும் போர்வையில். பல லட்சம் ஆண்டுகளாக வெயிலிலும் மழையிலும் பாறை சிதைந்து செம்மண்ணாகவும் லேட்டரைட்டாகவும் மாறியிருக்கிறது. மேட்டூர் அலுமினிய ஆலைக்கு ஒரு காலத்தில் இந்த மலையிலிருந்து போன பாக்சைட் தாதுவும் அதே சிதைவில் உருவானதுதான்.

மழைநீர் மண்ணுக்குள் இறங்கி, கீழே பாறை தடுத்ததும் அங்கேயே தேங்குகிறது. மண் துகள்களுக்கு இடையே தண்ணீர் நிறைந்து அழுத்தம் கூடும்போது, ஒன்றை ஒன்று பிடித்திருக்கும் பிடி தளர்கிறது. மண்ணின் எடையும் கூடிவிடுகிறது. பிறகு என்ன, வழுக்கல்தான்.

இதில் மனிதனுக்கும் பங்கு உண்டு. சேலத்திலிருந்து ஏறும் பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். சரிவைக் குடைந்து சாலை போடும்போது, மேலே இருக்கும் மண்ணுக்கு முட்டுக்கொடுத்த அடிப்பகுதி போய்விடுகிறது. அதனால்தான் தடுப்புச் சுவரும், அந்தச் சுவரில் தண்ணீர் வடிய ஓட்டைகளும் தேவைப்படுகின்றன. சுற்றுலா வருபவர்கள் வீசும் பாட்டிலும் பிளாஸ்டிக் கவரும் சாலையோர வடிகாலை அடைத்தால், தண்ணீர் சாலையைத் தாண்டிச் சரிவுக்குள் இறங்கும். குப்பை போடக்கூடாது என்ற போர்டை அழகுக்காக வைத்ததாக நினைப்பவர்கள் கொஞ்சம் யோசிக்கலாம்.

சரிவுக்கு முன்பு மலை சில அறிகுறிகளைக் காட்டும். மண்ணில் புதிய வெடிப்பு, சாய்ந்து நிற்கும் மரம் அல்லது மின்கம்பம், திடீரென இறுக்கமாகிவிடும் கதவு, தெளிவாக வந்த ஊற்று கலங்கி வருவது. எல்லாவற்றையும்விட ஆபத்தானது, நல்ல மழையிலும் ஓடைத் தண்ணீர் சட்டென்று குறைவது. மேலே எங்கோ மண் சரிந்து அடைத்துக்கொண்டிருக்கிறது, அது உடைந்தால் மொத்தமாக வரும் என்று அர்த்தம். அந்த நேரத்தில் வீடியோ எடுக்க நிற்கக் கூடாது. ஓடை போகும் திசையில் ஓடாமல், பக்கவாட்டில் மேடான இடத்துக்குப் போய்விட வேண்டும். மாவட்டக் கட்டுப்பாட்டு அறையின் எண் 1077.

பள்ளிப் பாடம் உயிரைக் காப்பாற்றுமா?

காப்பாற்றியிருக்கிறது. 2004 டிசம்பர் 26, தாய்லாந்தின் புக்கெட். கடற்கரையில் பெற்றோருடன் இருந்த டில்லி ஸ்மித் என்ற 10 வயது பிரிட்டன் சிறுமி, கடல்நீர் நுரைத்து விசித்திரமாக நடந்துகொள்வதைக் கவனித்தார். இரண்டு வாரத்துக்கு முன்புதான் புவியியல் வகுப்பில் சுனாமி பற்றிப் படித்திருந்தார். அவர் போட்ட சத்தத்தில் கடற்கரையே காலியானது. சுமார் 100 பேர் உயிர் தப்பினர். கடலுக்குச் சுனாமி எப்படியோ, மலைக்கு மண்சரிவு அப்படி.

மழை எங்கே போகிறது?

சேர்வராயன் மலை ஒரு நீர்பிரிமேடு. ஒரு பக்கம் விழும் மழை திருமணிமுத்தாறாகச் சேலம் நகருக்குள் ஓடியும், சரபங்கா நதியாக ஓமலூர், எடப்பாடி வழியாகப் போயும் காவிரியில் கலக்கிறது. இன்னொரு பக்கம் விழுவது வாணியாறாகத் தருமபுரி மாவட்டத்துக்குள் இறங்கித் தென்பெண்ணையில் சேர்கிறது. ஆக, மலையில் ஒருவர் கழிவை ஓடையில் விட்டால், அது கீழே இரண்டு ஆற்றுப்படுகை மக்களின் பிரச்னை. காபி அறுவடைக் காலத்தில் பழத்தோல் நீக்கிய கழிவுநீரைச் சுத்திகரிக்காமல் விட்டாலும் இதே கதைதான். அதில் உள்ள சர்க்கரைச் சத்து அழுகும்போது நீரிலுள்ள ஆக்சிஜனைத் தின்றுவிடும்.

மழை நின்ற பிறகுதான் நோய்

மழைக்குப் பின் ஊற்று, கிணறு, ஓடை எல்லாவற்றிலும் மேட்டிலிருந்து அடித்து வரப்பட்ட கழிவு கலந்திருக்கும். வயிற்றுப்போக்கு சில நாளில் தெரிந்துவிடும். டைபாய்டு வெளிப்பட ஒன்று முதல் மூன்று வாரம் ஆகலாம். ஹெபடைடிஸ் ஏ வைரஸால் வரும் மஞ்சள்காமாலைக்கு ஏறக்குறைய ஒரு மாதம்கூட ஆகும். அதற்குள் மழையை எல்லோரும் மறந்திருப்பார்கள். தண்ணீர்தான் காரணம் என்று யாருக்கும் தோன்றாது.

"மலைத் தண்ணி, மூலிகைத் தண்ணி, அப்படியே குடிக்கலாம்" என்று சொல்பவர்கள் உண்டு. பார்க்கத் தெளிவாக இருப்பது சுத்தத்துக்கு அத்தாட்சி கிடையாது. கிருமி கண்ணுக்குத் தெரியாது.

கொதிக்க வைப்பதிலும் ஒரு புவியியல் இருக்கு. சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் குறைவு என்பதால், ஏற்காட்டில் தண்ணீர் 100 டிகிரியில் அல்ல, ஏறக்குறைய 95 டிகிரியிலேயே கொதித்துவிடும். பயப்பட வேண்டாம், கிருமிகள் சாக அது போதும். தளதளவெனக் கொதித்த பிறகு ஒரு நிமிடம் விட்டு இறக்கினால் சரி. லேசாகச் சூடாக்கி இறக்குவதுதான் தப்பு. குழாய் தண்ணீர் என்றால், வீட்டுக்கு வரும்போது லிட்டருக்கு குறைந்தது 0.2 மில்லிகிராம் குளோரின் மிச்சம் இருக்க வேண்டும்.

கொதித்தாலும் போகாதது

மலையிலிருந்து கீழே இறங்கினால் பிரச்னையின் முகமே மாறுகிறது. சேலம், தருமபுரி, கிருஷ்ணகிரி சமவெளியில் பல இடங்களில் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம். தண்ணீர் பாறையோடு எவ்வளவு நாள் உறவாடுகிறதோ அவ்வளவு தாது கரையும். குடிநீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை ஏற்கலாம், வேறு வழியே இல்லாவிட்டால் 1.5 வரை என்பது இந்தியத் தர நிர்ணய அளவு. அதைத் தாண்டிய தண்ணீரைத் தொடர்ந்து குடித்தால் பல்லில் பழுப்புக் கறை, பிறகு எலும்பிலும் மூட்டிலும் விறைப்பு. இதைக் கொதிக்க வைத்தால் நீர் ஆவியாகி ஃபுளோரைடின் செறிவு கூடத்தான் செய்யும். இதற்காகவே தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களுக்குக் காவிரி நீரைக் கொண்டுவரும் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் ஜப்பான் நிதியுதவியுடன் கட்டப்பட்டு 2013இல் திறக்கப்பட்டது.

வகுப்பில் செய்து பார்க்க...

மழைமானிக்குக் காசு செலவழிக்க வேண்டியதில்லை. பக்கம் நேராக இருக்கும் பிளாஸ்டிக் பாட்டிலின் மேல்பகுதியை வெட்டி, அதையே புனல் போலத் தலைகீழாகக் கவிழ்த்து வைக்கலாம். அடியில் கூழாங்கல் போட்டு, அது மூழ்கும் வரை தண்ணீர் ஊற்றி அங்கே பூஜ்ஜியம் குறித்து, மேலே ஸ்கேல் ஒட்டினால் போதும். மரத்தடியில் வைக்காமல் திறந்தவெளியில் வைத்து, தினமும் காலை எட்டரை மணிக்கு அளவெடுக்க வேண்டும். வானிலை மையம் கணக்கெடுப்பதும் அதே நேரம்தான். கூடவே ஊர் வரைபடத்தில் ஊற்று, கிணறு, கழிப்பறை, ஓடை, வெட்டிய சரிவு ஆகியவற்றைக் குறித்து, எது மேட்டில், எது பள்ளத்தில் என்று அம்புக்குறி போட வேண்டும். கழிப்பறையிலிருந்து கிளம்பும் அம்பு கிணற்றில் போய் முடிந்தால், அந்தக் கிணற்றுத் தண்ணீரைத்தான் முதலில் பரிசோதனைக்குக் கொடுக்க வேண்டும்.