மல்லாந்து படுக்கலாமா?

ஆசனங்களிலேயே எளியது எது என்று கேட்டால், யோகப் பயிற்சி பெற்றவர்களில் பலர் சவாசனம் என்றுதான் சொல்வர். தரையில் மல்லாந்து படுத்து, கைகால்களைத் தளரவிட்டு, மூச்சைச் சீராக விட்டுக்கொண்டு அசையாமல் இருப்பதே சவாசனம். தலைகீழாக நிற்கும் சிரசாசனத்துக்கு அஞ்சுவோர் உண்டு. சவாசனத்துக்கு அஞ்சுவோர் இலர். ஆயினும், கருவுற்ற பெண் ஒருத்தி யோகாசனம் செய்ய விரும்பினால், மாதம் ஏற ஏற மருத்துவர்கள் முக்கியமாக எச்சரிப்பவற்றுள் இந்த எளிய நிலையும் ஒன்று. கடினமாகத் தோன்றும் வேறு சில ஆசனங்களோ, சோதித்துப் பார்த்தபோது தீங்கு செய்யாதவையாகத் தெரிந்தன. இந்த முரண்பாடு எவ்வாறு நேர்ந்தது? இதற்கு விடை காண, யோகத்தின் வரலாற்றையும் மகப்பேறு மருத்துவத்தின் வரலாற்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

பாட்டி சொன்ன காரணம்

கருவுற்ற பெண் எவ்வாறு படுக்க வேண்டும் என்னும் கேள்வி புதியதன்று. ஏறத்தாழ 2,000 ஆண்டுகளுக்கு முன் உருப்பெற்ற ஆயுர்வேத நூலாகிய சரக சம்ஹிதை, கருவுக்குக் கேடு விளைக்கும் செயல்களை வரிசைப்படுத்துகிறது. மேடுபள்ளமான இருக்கையிலும் கடினமான இருக்கையிலும் அமர்தல், குந்தியிருத்தல், சிறுநீர் முதலியவற்றை அடக்குதல், பழக்கமில்லாத கடுமையான உடற்பயிற்சி ஆகியவை அவற்றுள் சில. மல்லாந்து படுத்தலும் அந்தப் பட்டியலில் இடம்பெறுகிறது. அவ்வாறு படுத்தால் கொப்பூழ்க்கொடி குழந்தையின் கழுத்தைச் சுற்றிக்கொள்ளும் என்பது அந்நூல் கூறும் காரணம்.

நம் வீட்டு மூதாட்டியர் சொல்வதும் ஏறக்குறைய இதுதான். "படுத்தபடியே புரளாதே, எழுந்து உட்கார்ந்து மறுபக்கம் திரும்பிப் படு, இல்லாவிட்டால் கொடி சுற்றிக்கொள்ளும்" என்று பிள்ளைத்தாய்ச்சிப் பெண்களிடம் அவர்கள் சொல்வதை நாம் கேட்டிருக்கிறோம்.

இந்தக் காரணம் சரியன்று. பனிக்குட நீரில் மிதந்துகொண்டிருக்கும் குழந்தை தானே புரண்டு சுழல்வதால்தான் கொடி சுற்றுகிறது. நிறைமாதத்தில் பிறக்கும் குழந்தைகளில் ஏறத்தாழ நான்கில் ஒன்றுக்குக் கழுத்தில் கொடி சுற்றியிருப்பதைக் காணலாம். பெரும்பாலும் அதனால் தீங்கு நேர்வதில்லை. தாய் எந்தப் பக்கம் படுத்தாள், எப்படித் திரும்பினாள் என்பதற்கும் இதற்கும் தொடர்பில்லை. ஆனால், சொன்ன காரணம் தவறாக இருப்பதால் எச்சரிக்கையே தவறாகிவிடுமா? அதை முடிவு செய்ய 20ஆம் நூற்றாண்டு வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

துறவியரின் கலை இல்லத்துக்கு வந்தது

15ஆம் நூற்றாண்டில் சுவாத்மாராமர் இயற்றிய ஹடயோகப் பிரதீபிகை சவாசனத்தைக் குறிப்பிடுகிறது. அது களைப்பைப் போக்கி மனத்துக்கு ஓய்வு தரும் என்கிறது. ஆனால் இத்தகைய நூல்கள், ஒதுக்கிடத்தில் தனித்திருந்து பயிலும் ஆடவரை மனத்திற்கொண்டு எழுதப்பட்டவை. கருவுற்றவளுக்கு எது ஏற்றது என்று அவற்றில் தேடினால் விடை கிடைப்பது அரிது.

யோகம் குடும்பத்தாரை நாடி வந்தது 20ஆம் நூற்றாண்டில்தான். 1918இல் யோகேந்திரர் பம்பாயில் யோகப் பயிற்சி நிலையம் ஒன்றை நிறுவினார். அவருடைய துணைவியார் சீதாதேவி, பெண்களுக்கான யோக உடற்பயிற்சி பற்றி 1934இல் நூல் வெளியிட்டார். பெண்ணுக்காகப் பெண்ணே எழுதிய முன்னோடி யோக நூல்களுள் அது ஒன்று.

இதற்கிடையில் 1924இல் லோனாவ்லாவில் கைவல்யதாமம் என்னும் நிலையத்தைக் குவலயானந்தர் தொடங்கினார். 'யோக மீமாம்சா' என்னும் ஆய்விதழையும் அதே ஆண்டில் வெளியிட்டார். எக்ஸ்-ரே படங்களைக் கொண்டும் அழுத்தமானிகளைக் கொண்டும் ஆசனங்களை அவர் ஆராய்ந்தார். வயிற்றை உள்ளிழுக்கும் உட்டியாணத்தின்போதும், வயிற்றுத் தசைகளைத் தனியே பிரித்துச் சுழற்றும் நௌலியின்போதும், உடலின் உட்பகுதியில் அழுத்தம் வெளிக்காற்றின் அழுத்தத்தைவிடக் குறைவதை அவர் அளந்து காட்டினார். யோகப் பயிற்சியின் விளைவு கருவிக்குள் அடங்காத மறைபொருள் என்னும் எண்ணம் இதனால் மாறிற்று. கருவுற்றோர் இவ்விரண்டையும் அறவே விலக்க வேண்டும் என்று யோக ஆசிரியர்கள் சொல்வதன் பொருளும் இதனால் விளங்கும். வயிற்றின் உள்ளழுத்தத்தை இவ்வளவு மாற்றும் பயிற்சியைக் கரு வளரும் காலத்தில் செய்து பார்க்க வேண்டிய தேவையே இல்லை.

மைசூரில் கற்பித்துப் பின்னர் சென்னையில் வாழ்ந்த கிருஷ்ணமாச்சாரியாரின் மரபு, ஆளுக்கு ஏற்றபடி பயிற்சி அமைய வேண்டும் என்பதை வலியுறுத்தியது. அவருடைய மகன் தேசிகாச்சார் 1976இல் சென்னையில் தந்தையின் பெயரால் யோக மந்திரம் ஒன்றை நிறுவினார். அவரிடம் பயின்ற பி.கே.எஸ். ஐயங்கார் 1966இல் வெளியிட்ட நூலில் கருவுற்றோருக்கும் குறிப்புகள் தந்தார். உள்ளங்கால்களை ஒன்றோடொன்று சேர்த்து அமரும் பத்தகோணாசனத்தையும், கால்களை அகற்றி நீட்டி அமரும் உபவிஷ்டகோணாசனத்தையும் கருக்காலம் முழுவதும் செய்யலாம் என்றார். அவருடைய மகள் கீதா ஐயங்கார் 1983இல் வெளியிட்ட ஆங்கில நூல் முழுவதுமே பெண்களுக்கானது.

இவையெல்லாம் பல ஆண்டு அனுபவத்தால் திரண்ட அறிவு. உடலுக்குள் நிகழ்வது என்ன என்பதை அறியும் வேலை வேறிடத்தில் நடந்துகொண்டிருந்தது.

அச்சமும் வலியும்

இங்கிலாந்தைச் சேர்ந்த மகப்பேறு மருத்துவர் கிராண்ட்லி டிக்-ரீட் 1933இல் இயற்கைப் பேறு பற்றி நூலொன்று எழுதினார். அச்சம் தசைகளை இறுக்குகிறது. இறுக்கம் வலியை மிகுவிக்கிறது. வலி மீண்டும் அச்சத்தை வளர்க்கிறது. இந்தச் சுழலை உடைக்க வேண்டுமானால், மகப்பேற்றைப் பற்றிய அறிவையும் தசைகளைத் தளர்த்தும் பயிற்சியையும் பெண்ணுக்கு முன்கூட்டியே தர வேண்டும் என்றார். பிரெஞ்சு மருத்துவர் லமாஸ் 1951இல் சோவியத் நாட்டுக்குச் சென்று, அங்குக் கையாளப்பட்ட வலியில்லாப் பேற்று முறையைக் கண்டுவந்து பாரிசில் பரப்பினார். மூச்சுப் பயிற்சி அதில் முக்கிய இடம் பெற்றது. தளர்வு, சீரான மூச்சு ஆகிய இரண்டும் யோகம் பயில்வோருக்குப் பழக்கமானவையே. பிற்காலத்தில் கருவுற்றோருக்கான யோக வகுப்புகள் மேனாடுகளில் எளிதில் வேரூன்றியதற்கு இந்தப் பின்னணி உதவியது.

ஆனால் தளர்வுப் பயிற்சி என்றதும் மனக்கண்ணில் தோன்றுவது மல்லாந்து படுத்த உடல் அல்லவா? சிக்கல் அங்கேதான் காத்திருந்தது.

அமுக்கப்பட்ட சிரை

நிறைமாதக் கர்ப்பிணிகள் சிலர், மல்லாந்து படுத்த சில நிமிடங்களில் வெளிறிப்போய், வியர்த்து, மயங்கும் நிலைக்கு வருவதை மருத்துவர்கள் கண்டிருந்தனர். பக்கவாட்டில் திருப்பினால் போதும்; உடனே தெளிந்துவிடும். 1953இல் அமெரிக்க மருத்துவர்கள் ஹோவார்டு, குட்சன், மெங்கர்ட் ஆகிய மூவரும் இதை முறையாக ஆராய்ந்து, மல்லாந்த நிலையில் இரத்த அழுத்தம் வீழ்வதே இதற்குக் காரணம் என்று விளக்கினர்.

அழுத்தம் ஏன் வீழ்கிறது? உடலின் கீழ்ப்பாதியிலிருந்து இதயத்துக்கு இரத்தத்தைக் கொண்டுசெல்லும் பெரிய குழாய்க்குக் கீழ்ப்பெருஞ்சிரை என்று பெயர். இது முதுகெலும்பின் முன்பக்கத்தில், சற்று வலப்புறமாக மேலேறுகிறது. சிரையின் சுவர் மெல்லியது. ஆகவே எளிதில் நசுங்கும். கருவுறாத நிலையில் கருப்பையின் எடை 60 அல்லது 70 கிராம்தான். நிறைமாதத்தில் அதுவே 1 கிலோகிராமை எட்டுகிறது. குழந்தை, நஞ்சு, பனிக்குட நீர் ஆகியவற்றைச் சேர்த்தால் மொத்தச் சுமை ஏறத்தாழ 5 கிலோகிராம். தாய் மல்லாந்து படுக்கும்போது இந்தச் சுமை முழுவதும் சிரையின்மேல் படிந்து அதை முதுகெலும்போடு அழுத்துகிறது. இதயத்துக்குத் திரும்பும் இரத்தம் குறைகிறது. குறைவாகப் பெற்ற இதயம் குறைவாகவே வெளியே அனுப்புகிறது.

1964இல் கெர், ஸ்காட், சாமுவேல் ஆகிய பிரிட்டிஷ் ஆய்வாளர்கள், எக்ஸ்-ரேயில் தெரியக்கூடிய மருந்தைச் சிரையில் செலுத்திப் படமெடுத்து இதை நேரே காட்டினர். மல்லாந்து படுத்த நிறைமாதத் தாய்மாரில் பெரும்பாலோரிடம் கீழ்ப்பெருஞ்சிரை அடைபட்டே இருந்தது. முதுகெலும்பை ஒட்டிச் செல்லும் கிளைச் சிரைகள் வழியாக இரத்தம் மாற்றுப் பாதையில் சென்றது. அந்தப் பாதை போதுமானதாக இருப்பவர்களுக்கு மயக்கம் வருவதில்லை. ஏறத்தாழ பத்தில் ஒருவருக்கே வெளிப்படையான தொல்லை தோன்றுகிறது. மற்றவர்களிடம் தாய்க்கு ஒன்றும் தெரியாமலே கருப்பைக்குச் செல்லும் இரத்தம் குறையக்கூடும்.

ஆக, பழைய எச்சரிக்கை சரி; அதற்குச் சொன்ன காரணம்தான் தவறு. கேடு செய்வது கொடியன்று, சிரை. காரணம் தெரிந்ததால் பரிகாரமும் எளிதாயிற்று. சவாசனத்தை விட்டுவிட வேண்டியதில்லை. பக்கவாட்டில் படுத்து, முழங்கால்களை மடக்கி, கால்களுக்கிடையே தலையணை வைத்துக்கொண்டு செய்தால் அதே ஓய்வு கிட்டும்.

எச்சரிக்கையும் எல்லை மீறும்

ஒன்றை விலக்க வேண்டும் என்று தெரிந்ததும் எல்லாவற்றையும் விலக்கச் சொல்வது மனித இயல்பு. 1985இல் அமெரிக்க மகப்பேறு மருத்துவர் கல்லூரி வெளியிட்ட விதிகளில், தாயின் இதயத் துடிப்பு நிமிடத்துக்கு 140ஐத் தாண்டக்கூடாது, கடும் பயிற்சி 15 நிமிடத்துக்கு மேற்படக்கூடாது, நான்காம் மாதம் முடிந்தபின் மல்லாந்து படுத்துப் பயிற்சி செய்யக்கூடாது என்று கூறப்பட்டது. முதலிரண்டு வரம்புகளுக்கும் போதிய சான்று இல்லாமையால், 1994இல் வந்த திருத்தத்தில் அவை கைவிடப்பட்டன. 2020இல் உலக நல நிறுவனம், தடையேதும் இல்லாத கர்ப்பிணிகள் வாரத்துக்கு 150 நிமிடமேனும் மிதமான உடலியக்கத்தில் ஈடுபடுவது நன்று என்று அறிவித்தது. ஓய்வே மருந்து என்ற நிலை மாறிவிட்டது.

யோகாசனங்களும் ஆய்வுக்கு உள்ளாயின. 2005இல் பெங்களூரில் நடந்த ஆய்வு ஒன்றில் 335 கர்ப்பிணிகள் பங்கேற்றனர். ஒரு பிரிவினர் நாள்தோறும் ஒரு மணி நேரம் யோகம் செய்தனர். மறு பிரிவினர் அரைமணி வீதம் இருவேளை நடந்தனர். யோகப் பிரிவில் 2,500 கிராமும் அதற்கு மேலும் எடையுள்ள குழந்தைகள் மிகுதியாகப் பிறந்தன. ஆனால் பெண்களைக் குலுக்கல் முறையில் பிரிக்காததால், யோகமே முழுக் காரணம் என்று இந்த ஆய்வைக் கொண்டு அறுதியிட முடியாது.

2015இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வு, பாதுகாப்பைப் பற்றியது. 35 முதல் 37 வாரம் ஆன, நலமுள்ள 25 பெண்கள் 26 ஆசனங்களைச் செய்தனர். குழந்தையின் இதயத் துடிப்பு இடைவிடாது பதிவு செய்யப்பட்டது. கூடாது என்று சொல்லப்பட்டுவந்த பாலாசனம், அதோமுக சுவானாசனம், சவாசனம் ஆகியவையும் அவற்றுள் அடக்கம். எந்த நிலையிலும் துடிப்பு இயல்பு மாறவில்லை, ஒருவரும் விழவில்லை. நிலைகள் சிறிது நேரமே நீடித்தன என்பதையும், பயிற்சியாளர் அருகிலிருந்தார் என்பதையும், பங்கேற்றவர்கள் 25 பேரே என்பதையும் மறக்கலாகாது. சில நிமிடம் மல்லாந்திருப்பது வேறு. அப்படியே உறங்கிவிடுவது வேறு.

இந்த வேறுபாட்டின் அளவை 2019இல் வெளியான தொகுப்பாய்வு காட்டியது. 28 வாரத்துக்குப்பின் குழந்தை கருவிலேயே இறந்த 851 தாய்மாரையும், கரு நலமாக இருந்த 2,257 தாய்மாரையும் ஒப்பிட்டபோது, மல்லாந்து உறங்கச் சென்றவர்களிடம் இறப்பு வாய்ப்பு ஏறத்தாழ 2.6 மடங்காக இருந்தது. இடப்பக்கமும் வலப்பக்கமும் ஒரேயளவு பாதுகாப்பானவையாகத் தெரிந்தன. இத்தகைய இறப்பு அரிது என்பதால் அஞ்ச வேண்டியதில்லை. இரவில் விழித்துப் பார்க்கையில் மல்லாந்திருந்தால், ஒருபக்கமாகத் திரும்பிப் படுத்தால் போதும்.

தாய் அறிய வேண்டியவை

கருக்காலத்தில் இரத்தத்தின் அளவு 40 முதல் 50 விழுக்காடு வரை கூடுகிறது. இதயம் கூடுதலாக உழைக்கிறது. உடலின் ஈர்ப்பு மையம் முன்னோக்கி நகர்கிறது. ஆகவே நின்று செய்யும் ஆசனங்களுக்குச் சுவரின் துணை வேண்டும். தலைகீழ் ஆசனங்களைப் புதிதாகத் தொடங்கக் கூடாது. மூச்சை அடக்கும் கும்பகம், வயிற்றைக் குலுக்கும் கபாலபாதி, வயிற்றின்மேல் படுத்தல், வெப்பமான அறையில் பயிற்சி ஆகியவற்றை விலக்க வேண்டும். பேசிக்கொண்டே செய்ய முடிகிற அளவே தக்க அளவு.

சிலர் மருத்துவரைக் கேளாமல் தொடங்கவே கூடாது. நஞ்சு கீழிறங்கியிருப்பவர், கருப்பை வாயில் தையல் போடப்பட்டவர், இரத்தக் கொதிப்பு உள்ளவர், குறைமாத வலி கண்டவர், இதய நோயுள்ளவர், கடும் இரத்தசோகை உடையவர் ஆகியோர் அவர்கள். கடைசியாகச் சொன்னது நமக்கு மிக முக்கியம். இந்தியாவில் 2019-21இல் நடந்த தேசியக் குடும்பநல ஆய்வின்படி, கர்ப்பிணிகளில் 52.2 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை இருந்தது. இரும்புச்சத்து மாத்திரையின் வேலையை எந்த ஆசனமும் செய்யாது. இரத்தப்போக்கு, நீர் கசிவு, தலைசுற்றல், நெஞ்சுவலி, விட்டுவிட்டு வரும் வயிற்றுவலி, கெண்டைக்கால் வீக்கம் ஆகியவற்றுள் ஏதேனும் தோன்றினால் உடனே நிறுத்திவிட்டு மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

மூதாட்டியின் சொல்லை மூடநம்பிக்கை என்று எள்ளி ஒதுக்கியிருந்தால், ஓர் உண்மையை இழந்திருப்போம். அவர் சொன்ன காரணத்தை அப்படியே நம்பியிருந்தால், நெடுநேரம் மல்லாந்திருப்பதற்கு அஞ்சுவதற்குப் பதிலாகப் புரள்வதற்கு அஞ்சிக்கொண்டிருப்போம். பழைய அறிவுரையை மதிப்பது வேண்டும். அதன் காரணத்தைச் சோதிப்பதும் வேண்டும். கருவுற்ற பெண் பாயை விரித்து ஒருபக்கமாகச் சாய்ந்து கண்மூடும்போது, அவள் வயிற்றிலுள்ள சிசுவுக்குத் தடையின்றி இரத்தம் செல்கிறது. அதை அவள் காரணத்தோடு அறிந்திருப்பதே அவளுக்கு நல்ல பாதுகாப்பு.