தோட்டப் பாடசாலைகளில் ஆசிரியர் நியமனம்: ஒரு வரலாற்று நோக்கு

மலையகக் கல்வியின் பின்னடைவு பற்றி எழுதுவோர் கட்டடக் குறைபாட்டையும் பெற்றோரின் வறுமையையும் பெரிதும் எடுத்துக்காட்டுவர். ஆசிரியரை நியமிக்கும் அதிகாரம் எவரிடம் இருந்தது, எத்தகைய ஊதியத்துக்கு அவர் அமர்த்தப்பட்டார் என்னும் வினாக்கள் அத்துணை கவனம் பெறுவதில்லை. நுவரெலியா, ஹட்டன் பகுதித் தேயிலைத் தோட்டங்களை மனங்கொண்டு இவ்வினாக்களை ஈண்டு ஆராய்வோம்.

தோட்டங்களில் எழுந்த முதற் பள்ளிகள் லயக் காம்பராக்களில் நடந்தவை. எழுத வாசிக்கத் தெரிந்த ஒருவரைக் கங்காணி அமர்த்துவார், அவரே ஆசிரியர். 1907ஆம் ஆண்டின் நாட்டுப்புறப் பாடசாலைகள் கட்டளைச் சட்டம் ஆறு முதல் பத்து வயது வரையான பிள்ளைகளின் தாய்மொழிக் கல்விக்குத் தோட்டத் துரையைப் பொறுப்பாக்கியது. 1920ஆம் ஆண்டின் கல்விக் கட்டளைச் சட்டமும் அப்பொறுப்பைத் தொடர்ந்தது. இதனால் பெற்றோருக்குக் கூலி கொடுத்த அதே நிருவாகம் ஆசிரியருக்கும் எசமானாயிற்று. பிள்ளையின் உழைப்பினாற் பயன்பெறும் ஒரு நிறுவனம் அப்பிள்ளைக்குத் தகுதிவாய்ந்த ஆசிரியரைத் தேடிச் செலவிடும் என எதிர்பார்ப்பதற்கில்லை. ஒரே மண்டபத்தில் எல்லா வகுப்புகளையும் ஒருவரே கற்பித்தமையும், ஐந்தாம் வகுப்புடன் கல்வி முடிந்தமையும் இவ்வுறவின் இயல்பான விளைவுகளே.

1945இல் இலவசக் கல்வித் திட்டம் நடைமுறைக்கு வந்தது. ஆயினும் தோட்டப் பாடசாலைகளுள் மிகச் சிலவே அரசின் பொறுப்பில் வந்தன. 1960, 1961ஆம் ஆண்டுகளில் உதவி பெறும் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்றபோதும் இவை புறத்தே விடப்பட்டன. இதற்கிடையில் 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் தோட்டத் தொழிலாளருட் பெரும்பாலோரை நாடற்றவராக்கியிருந்தது. அரச சேவைக்குப் பிரசாவுரிமை இன்றியமையாதது. ஆதலின், படித்த தோட்டத்து இளைஞனுக்கும் அரசாங்க ஆசிரியர் பதவி எட்டாக் கனியாயிற்று. நகர்ப்புறத் தமிழ்ப் பாடசாலைகளுக்கு வடக்கிலிருந்தும் கிழக்கிலிருந்தும் ஆசிரியர் வந்தனர். அவர்களுட் பலர் ஆற்றிய பணி குறைத்து மதிப்பிடற்பாலதன்று. ஆனால், சொந்த ஊருக்கு இடமாற்றம் பெற்று அவர்கள் மீண்டபோது வெற்றிடமும் மீண்டது. இந்நிலையிலும் மலையகத்திலேயே ஆசிரியர் தோன்றியபோது நிகழ்ந்த மாற்றத்துக்கு ஹட்டன் ஹைலன்ட்ஸ் கல்லூரி சான்று. அங்கு கற்பித்த இர. சிவலிங்கம் 1960களின் மலையக இளைஞர் விழிப்புணர்வில் முன்னின்றார் என்பது குறிப்பிடத்தக்கது.

1972, 1975ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தத்தால் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1977 முதல் தோட்டப் பாடசாலைகளும் படிப்படியாக அரசாங்கப் பாடசாலைகளாயின. இப்பொழுது ஆசிரியர் பற்றாக்குறை வெளிப்படையாயிற்று. 1980களில் தோட்டத்து இளைஞரும் யுவதியரும் ஆசிரியராகச் சேர்க்கப்பட்டனர். சுவீடனின் உதவியுடன் பாடசாலை மேம்பாட்டுத் திட்டம் நடந்தது. பின்னர் ஜெர்மனிய உதவியுடன் பத்தனையில் ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரி எழுந்தது. லயத்தில் பிறந்தவர் தம் தோட்டத்துப் பாடசாலையிலேயே ஆசிரியராக நின்றமை சமூக அசைவியக்கத்தின் முக்கிய கட்டமாகும்.

எனினும் பழைய முறை முற்றாக மறைந்துவிடவில்லை. 2014இல் விண்ணப்பங் கோரி, 2015இல் பெருந்தோட்டப் பாடசாலைகளுக்குச் சேர்க்கப்பட்டோர் 'ஆசிரியர் உதவியாளர்' எனப்பட்டனர். அவர்களுக்குத் தொடக்கத்தில் மாதப்படி 6,000 ரூபா. பின்னர் அது 10,000 ரூபாவாக்கப்பட்டது. 2013ஆம் ஆண்டின் கூட்டு ஒப்பந்தப்படி, வரவுக் கொடுப்பனவு முதலியன சேர்த்துத் தொழிலாளியின் நாட்சம்பளம் 620 ரூபா. பத்து நாள் கொழுந்து பறித்த தாய் பெறுவதிலும் குறைவாக, மாதம் முழுதும் கற்பித்த மகள் பெற்றாள் என்பது இதன் பொருள்.

இவ்வரலாற்றை ஒருசேர நோக்கின் ஒரு போக்குப் புலனாகும். நியமிப்போர் மாறினர்: கங்காணி, துரை, அரசு. ஆனால், மலையகப் பிள்ளைக்கு ஏனையோரினும் மலிவான ஓர் ஆசிரியர் போதும் என்ற கருத்து ஒவ்வொரு கட்டத்திலும் புதிய பெயருடன் தலைகாட்டிற்று. வெற்றிடங்களை எண்ணி நிரப்புவதோடு இக்குறை தீராது. ஏனைய ஆசிரியருக்குரிய தகுதி, பயிற்சி, சம்பளம், பதவியுயர்வு ஆகியவற்றுடனேயே தோட்டப் பாடசாலை ஆசிரியரும் நியமிக்கப்படுதல் வேண்டும். விஞ்ஞானமும் கணிதமும் கற்பிப்பாரின்றி உயர்தர வகுப்பின் வாயிலில் திரும்பிவிடும் மாணவரின் எதிர்காலம் இதனையே பெரிதும் சார்ந்துள்ளது.