கோல்கும்பாஸும் எங்க தஞ்சாவூரும்

போன டிசம்பர் லீவுக்கு புனேயிலிருந்து காரை எடுத்துக்கிட்டு பிஜாப்பூர் போயிட்டு வந்தோம். (2014லிருந்து விஜயபுரா. என் வாயில இன்னும் பழைய பேர்தான் வருது!)

கிளம்பறதுக்கு முன்னாடி ஒரு சின்ன சோகக் கதை. பையன் நாலாவது படிக்கிறான். ஸ்கூல்ல சிவாஜி பாடம். பக்கத்து சீட்டுப் பையன், "அவர் எங்க ராஜா, உங்க ராஜா இல்ல"ன்னுட்டானாம். "நம்ம ராஜா யாருப்பா?"ன்னான். "ராஜராஜ சோழன்டா"ன்னேன். முகம் தொங்கிப் போச்சு. பாவம், அவன் பொறந்து வளர்ந்ததெல்லாம் புனேதானே...

சரி, மேட்டருக்கு வருவோம். கோல்கும்பாஸ், 1627லிருந்து 1656 வரை ஆண்ட முகமது ஆதில் ஷாவோட சமாதி. சுமார் 44 மீட்டர் அகலத்துக்கு ஒரே குவிமாடம். உள்ளே ஒரு தூண் கிடையாது. ஒண்ணையொண்ணு வெட்டிப் போற வளைவுகளே அத்தனை பாரத்தையும் சுவருக்கு இறக்கிடுது. மூலைக் கோபுரத்துப் படியேறினா குவிமாடத்தைச் சுத்தி ஒரு மாடம். இந்தப் பக்கம் சுவரோரமா கிசுகிசுத்தா எதிர்ப்பக்கம் கேக்கும். கேக்கணும்! ஆனா வந்தவங்க எல்லாரும் விசிலும் கூச்சலும். தங்கமணி காதைப் பொத்திக்கிட்டாங்க.

கீழே இறங்கி புல்வெளியில உக்காந்தப்ப பையன்கிட்ட சொன்னேன். "சிவாஜியோட அப்பா ஷாஜி, உள்ளே இருக்காரே, அந்த சுல்தான்கிட்டதான் வேலை பார்த்தார்."

"நிஜமாவா?"

"அதோட முடியல. 1673ல மதுரை நாயக்கர் தஞ்சாவூரைப் பிடிச்சுட்டார். தஞ்சை நாயக்கர் வாரிசு பிஜாப்பூர்கிட்ட உதவி கேட்டு வந்தது. பிஜாப்பூர் அனுப்பின தளபதி யார் தெரியுமா? ஏகோஜி. சிவாஜியோட தம்பி. அப்பா ஒண்ணு, அம்மா வேற. போனவர் ஊரை மீட்டார். கொஞ்ச நாள்ல சிம்மாசனத்துல அவரே உக்காந்துட்டார்."

"உதவிக்குப் போயிட்டு எடுத்துக்கிட்டாரா? தப்பில்லையா?"

"தப்புதான். அப்புறம் 1677ல சிவாஜியே தெற்கே வந்து, அப்பா சொத்துல பங்கு எங்கேன்னு தம்பியைக் கேட்டார். அது தனிக் கதை. 1855 வரைக்கும் தஞ்சாவூர்ல அவங்க வம்சம்தான்."

பையன் கொஞ்ச நேரம் பேசல. "அப்ப அந்தப் பையன்கிட்ட என்ன சொல்லட்டும்?"

எனக்கும் சட்டுனு பதில் வரல. எங்க ராஜா, உங்க ராஜான்னு கோடு போட்டதுல எனக்கும் பங்கு உண்டே.

அப்பதான் ஞாபகம் வந்தது. ராஜராஜன் கட்டின அதே பெரிய கோயில் சுவர்ல, 1803ல இரண்டாம் சரபோஜி தன் போன்ஸ்லே வம்ச வரலாற்றை மராத்தியில வெட்டி வெச்சிருக்கார். சின்ன வயசுல எத்தனையோ தடவை அதைத் தாண்டி ஓடியிருக்கேன். ஒரு எழுத்து புரியாது. இவனுக்கு மராத்தி தண்ணி பட்ட பாடு.

மே லீவுக்கு தஞ்சாவூர் டிக்கெட் போட்டாச்சு. படிச்சுச் சொல்லப் போறவன் அவன். பக்கத்துல நின்னு கேக்கப் போறவன் நான்.