சதுக்கத்திற்குத் திரும்பிய நற்கருணை நாடகம்

1932ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 10ஆம் நாள். ஸ்பெயின் நாட்டின் சோரியா மாவட்டத்தில் எல் பூர்கோ தெ ஓஸ்மா என்னும் சிற்றூர். சிற்றூராயினும் பழம்பெரும் பேராலயம் ஒன்றைத் தன்னகத்தே கொண்ட ஊர். போதகர் சபையை நிறுவிய புனித தோமினிக், அதற்கு முன்னர் அப்பேராலயத்தின் குருக்கள் குழுவில் ஒருவராய் வாழ்ந்தவர். அவ்வூரில் அன்று வந்து இறங்கினர் மத்ரித் பல்கலைக்கழக மாணவர் சிலர். தொழிலாளர் அணியும் நீலநிற உடை. அதன்மேல் சக்கரமும் முகமூடியும் இணைந்த ஒரு சின்னம். பலகைகளைத் தாங்களே சுமந்து மேடை கட்டினர். தாங்களே திரை தொங்கவிட்டனர். பின்னர் செர்வாந்தெஸ் எழுதிய குறுநாடகங்களை ஊரார் முன் நடித்தனர். கட்டணம் இல்லை. நடிப்பவருக்கு ஊதியமும் இல்லை. அரங்கம் என்பதையே வாழ்நாளில் கண்டிராத உழவர்கள், தங்கள் நாட்டின் மாபெரும் எழுத்தாளரை அன்று திறந்த வானத்தின் கீழ்ச் சந்தித்தனர்.

‘லா பராக்கா’ என்பது அக்குழுவின் பெயர். திருவிழாச் சந்தைகளில் வேடிக்கை காட்டுவோர் தற்காலிகமாக எழுப்பும் மரக்கொட்டகையை ஸ்பானிய மக்கள் அப்படித்தான் அழைப்பர். நான்காண்டுகளே நிலைத்த இப்பல்கலைக்கழக நாடகக் குழுவின் கதை, கலை வரலாற்றின் ஒரு பக்கம் மட்டுமன்று. திருச்சபையின் மக்களாகிய நாம் நின்று நிதானித்துப் படிக்க வேண்டிய பக்கமும் ஆகும்.

1931ஆம் ஆண்டு ஏப்ரலில் மன்னராட்சி நீங்கி ஸ்பெயினில் குடியரசு பிறந்தது. எழுத்தறியாதோர் மிகுந்திருந்த நாடு அது. நகரத்தின் கல்விச் செல்வம் நாட்டுப்புறத்தின் வாயிலைத் தொடவே இல்லை என்னும் உறுத்தல் படித்த இளைஞரின் உள்ளத்தில் இருந்தது. அவ்வாண்டின் இறுதியில் மாணவர் சிலர் கவிஞர் பெதரிக்கோ கார்சியா லோர்காவை அணுகி, பண்டைய நாடகங்களை ஊர் ஊராய்க் கொண்டு செல்லும் திட்டம் ஒன்றை வகுத்தனர். மாணவர் ஒன்றியம் அதனை ஏற்றது. கல்வி அமைச்சர் பெர்னாந்தோ தெ லோஸ் ரியோஸ் அரசு மானியம் வழங்க முன்வந்தார். லோர்கா இயக்குநரானார், நாடக ஆசிரியர் எதுவார்தோ உகார்தே அவருக்குத் துணை நின்றார். இலக்கியப் புலத்து மாணவரும் கட்டடக்கலை மாணவரும் ஒன்றாய் உழைத்தனர். விடுமுறை நாட்களே அவர்களது பயண நாட்கள். நடிப்பவர் பெயர்களை முன்னிறுத்திப் பெருமைப்படுத்தும் வழக்கத்தை அவர்கள் விலக்கினர். நாடகமே பேச வேண்டும், நடிகர் பெயர் பேசக்கூடாது என்பது அவர்களது விதி.

அவர்கள் தெரிந்தெடுத்த ஆசிரியர்கள் யார் என்று பார்ப்போம். செர்வாந்தெஸ் அல்ஜியர்ஸ் நகரில் அடிமைப்பட்டுக் கிடந்தபோது, 1580இல் மீட்புப் பணம் கொடுத்து அவரை விடுவித்தவர்கள் மூவொரு இறைவன் சபைத் துறவியர். லோப்பே தெ வேகா 1614இல் குருப்பட்டம் பெற்றவர். திர்சோ தெ மொலினா மெர்சதாரியன் சபைத் துறவி. கால்தெரோன் 1651இல் குருவானவர். ஸ்பானிய நாடகத்தின் பொற்காலத் தூண்களென நிற்கும் மூவரும் குருக்கள் என்பதை எண்ணும்போது, மேடைக்கும் பலிபீடத்திற்கும் இடையே அந்நாளில் இருந்த தூரம் எத்துணைக் குறைவு என்பது விளங்கும்.

அத்தூரம் முற்றிலும் மறைந்துபோகும் ஒரு நாளும் ஆண்டுதோறும் இருந்தது. அது நற்கருணைத் திருநாள். நற்கருணைப் பவனி வந்த அதே தெருக்களில், அலங்கரித்த வண்டிகளை மேடையோடு சேர்த்து நிறுத்தி, நற்கருணை நாடகங்கள் நடிக்கப்பட்டன. ஒரே அங்கம் கொண்ட உருவக நாடகங்கள் அவை. அருள், பாவம், அறிவு, உலகம் ஆகியன மனித உருக்கொண்டு பேசும். முடிவில் அப்பமும் இரசமும் மக்கள் கண்முன் விளங்கும். எழுத்தறியாதவர்க்கு அதுவே மறைக்கல்வி. அதுவே இறையியல் விரிவுரை. கால்தெரோன் குருவான பின் தம் இறுதி நாள்வரை மத்ரித் நகரின் திருநாளுக்கென இத்தகைய நாடகங்களை எழுதிவந்தார். ஆனால் 1765ஆம் ஆண்டு ஜூன் திங்களில் அரசர் மூன்றாம் சார்லஸ் இவற்றைத் தடை செய்தார். தூய மறைபொருள்கள் கேலிக்கூத்துகளோடு கலந்து இழிவுறுகின்றன என்பது அந்நாளைய அறிஞர் பலரின் குற்றச்சாட்டு. தடைக்குப் பின் நற்கருணை நாடகம் நூலகத்து ஏட்டில் உறங்கலாயிற்று. தெருவில் பிறந்த ஒன்று தெருவை இழந்தது.

லா பராக்கா தன் முதல் பயணத்திலேயே அவ்வேட்டைத் திறந்தது. கால்தெரோனின் ‘வாழ்வு ஒரு கனவு’ இருவகையாக உள்ளது. ஒன்று உலகம் அறிந்த நாடகம். மற்றொன்று, முதிர்ந்த வயதில் குருவாயிருந்து அவர் எழுதிய நற்கருணை நாடகம். மாணவர்கள் நடித்தது இரண்டாவது. அதில் நீர், காற்று, மண், நெருப்பு ஆகிய நான்கும் ஆட்சிக்காகப் போரிடுகின்றன. வல்லமை, ஞானம், அன்பு என மூவுருவில் இறைவன் அவற்றை இணக்குகிறார். தோலாடை உடுத்த மனிதன் இன்மையின் இருளிலிருந்து அழைக்கப்பட்டு அரசனாக்கப்படுகிறான். நிழல் அவனை வஞ்சிக்கிறது. வீழ்ந்தவன் விலங்கோடு விழித்தெழுந்து, தான் பெற்றிருந்த மேன்மை கனவோ எனக் கலங்குகிறான். அவ்வேளையில் ஞானம் இறங்கி வந்து, அவன் விலங்கைத் தான் ஏற்று, அவனுக்காக உயிர் துறக்கிறது. முடிவில் நீர் திருமுழுக்கின் நீராகிறது. மண் கோதுமையும் திராட்சையும் தந்து நற்கருணைக்குப் பொருளாகிறது.

இந்நாடகத்தில் லோர்கா தமக்கென எடுத்துக்கொண்ட வேடம் நிழல். மனிதனை வீழ்த்தும் குற்றத்தின் உருவம் அது. கறுப்புத் துகில் தலைமுதல் அடிவரை போர்த்தி மேடையில் அவர் அசைந்த காட்சியைக் கண்டவர்கள் நெடுநாள் மறக்கவில்லை. அல்மாசான் ஊரின் சதுக்கத்தில் இந்நாடகம் நடந்த இரவில் மழை பிடித்துக்கொண்டது. நடிகர்கள் நிறுத்தவில்லை, மக்களும் கலையவில்லை. மழையொலியோடு கலந்து கால்தெரோனின் வரிகள் ஒலிக்க, உழவர்கள் நனைந்தபடியே கேட்டுக்கொண்டிருந்தனர் என லோர்கா பின்னர் நினைவுகூர்ந்தார். இறையியல் இவர்களுக்குப் புரியாது என்று சொல்வோர்க்கு அம்மழையில் நின்றவர்களே மறுமொழி.

ஆயினும் எல்லா ஊரிலும் இப்படி நிகழவில்லை. சோரியா நகரில், புனித யோவான் வீரத்துறவு சபையினரின் பாழடைந்த மடத்து வளாகத்தில் இதே நாடகம் நடந்தபோது ஒரு கூட்டம் கூச்சலிட்டு அதனைக் குலைத்தது. கூச்சலிட்டவர்கள் கடவுள் மறுப்பாளர் அல்லர். குடியரசை வெறுத்த வலதுசாரிகள். அத்தரப்பின் நையாண்டி ஏடுகளும் மாணவரை எள்ளி நகையாடின. அரசுப்பணம் வீணாகிறது என்றன. ஆணும் பெண்ணும் சேர்ந்து பயணம் செய்வதைக் காட்டிப் பழி தூற்றின. குரு ஒருவர் எழுதிய நற்கருணை நாடகத்தை, தங்களைச் சமயத்தின் காவலர் எனக் கருதியோர் நடக்கவிடவில்லை. நாடகம் எதைச் சுமந்து வந்தது என்று அவர்கள் பார்க்கவில்லை. யாருடைய வண்டியில் வந்தது என்று மட்டுமே பார்த்தனர்.

அவர்கள் அச்சத்திற்குக் காரணமே இல்லை என்று சொல்வதும் நேர்மையாகாது. 1931 மே திங்களில் மத்ரித்திலும் வேறு நகரங்களிலும் மடங்களும் ஆலயங்களும் தீக்கிரையாயின. 1932 ஜனவரியில் இயேசு சபை கலைக்கப்பட்டது. பள்ளிகளிலிருந்து சிலுவைகள் அகற்றப்பட்டன. தன் வீடு எரிவதைக் கண்டவன், எரித்தவர்களின் நண்பன் கொண்டுவரும் விளக்கையும் ஐயுறுவான். அந்த ஐயம் இயல்பே. ஆனால் இயல்பானவை எல்லாம் நற்செய்திக்கு ஏற்றவை ஆகிவிடுவதில்லை.

மாணவர் தரப்பிலும் ஒரு குறையைச் சுட்ட வேண்டியிருக்கிறது. 1933 மே 31 அன்று வலென்சியாவில் லோப்பே தெ வேகாவின் ‘புவெந்தே ஓவெஹூனா’ நாடகத்தை அரங்கேற்றினர். 1476இல், கொடியவனான தலைவன் ஒருவனை ஊரார் ஒன்றுகூடிக் கொன்ற உண்மை நிகழ்ச்சியைத் தழுவியது அது. யார் கொன்றது என்று சித்திரவதை செய்து கேட்டபோதும், ஒருவர் பெயரையும் சொல்லாமல் ஊரின் பெயரையே அனைவரும் சொல்கின்றனர். லோர்கா இதனைத் தம் காலத்துக் கிராமத்தில் நடப்பதாக, தம் காலத்து உடையிலேயே காட்டினார். அரசரும் அரசியும் தோன்றும் காட்சிகளை நீக்கினார். நிலமற்ற உழவரின் துயர் எரிந்துகொண்டிருந்த நாட்டில் அது வலிமையான செயல். ஏழைகள் பக்கம் நின்ற செயல். ஆனால் அரசர் நீங்கியபோது, மூல நாடகத்தின் இறுதியில் அவர் அவ்வூருக்கு வழங்கும் மன்னிப்பும் நீங்கிற்று. கலைஞனுக்கு அந்த உரிமை உண்டு. எனினும் மூன்றாண்டுகளில் அந்நாட்டில் என்ன நேர்ந்தது என்பதை அறிந்த நமக்கு, வெட்டப்பட்ட அந்த மன்னிப்பின் இடம் வெறுமையாய்த் தெரிகிறது.

1933 நவம்பர்த் தேர்தலில் வலதுசாரிகள் வலுப்பெற்றபின் குழுவின் மானியம் குறைந்தது. ஆயினும் மாணவர்கள் பயணத்தைக் கைவிடவில்லை. திர்சோவின் தோன் ஹுவான் நாடகத்தையும், லோப்பேயின் ‘ஒல்மேதோ வீரன்’ நாடகத்தையும் நடித்தனர். சந்தாந்தேர் நகரின் கோடைப் பல்கலைக்கழகத்திற்குப் பல ஆண்டுகள் சென்றனர். 1936 ஜூலையில் உள்நாட்டுப் போர் மூண்டது. லோர்கா தம் ஊரான கிரனாதாவில் கைதாகி, ஆகஸ்டுத் திங்களில், விஸ்னார் என்னும் ஊரருகே, கிளர்ச்சிப் படைத் தரப்பினரால் சுட்டுக் கொல்லப்பட்டார். அப்போது அவருக்கு வயது 38. அடுத்த மாதம் மத்ரித்தில் ஓவியர் அல்போன்சோ போன்சே தெ லெயோன் கொல்லப்பட்டார். அவர் எதிரணியான பலாஞ்சேயைச் சேர்ந்தவர். அவரைக் கொன்றது குடியரசுத் தரப்பு. இந்த இருவரும் லா பராக்காவுக்காக உழைத்தவர்கள். ஒருவர் நாடகங்களை இயக்கினார், மற்றவர் காட்சித்திரை வரைந்தார். ஒரே மேடைக்காக உழைத்த இருவரை, சில வாரங்களின் இடைவெளியில், ஒன்றையொன்று எதிர்த்த இரு கரங்கள் கொன்றன.

அப்போரில் குடியரசுப் பகுதியில் கொல்லப்பட்ட குருக்கள், துறவியர், கன்னியர் ஆகியோரின் தொகை 6,832 என வரலாற்றாசிரியர் அந்தோனியோ மொந்தேரோ 1961இல் கணக்கிட்டார். அக்காலத்தில் விசுவாசத்திற்காகக் கொல்லப்பட்டோருள் 498 பேர் 2007ஆம் ஆண்டு அக்டோபரில் உரோமையில் ஒரே நாளில் அருளாளர்களாக உயர்த்தப்பட்டனர். அவர்களை நினைத்து நாம் தலை வணங்குகிறோம். அவ்வாறு வணங்கும் நாம், கல்லறையும் அறியப்படாது கிடக்கும் ஒரு கவிஞனுக்காகவும் ஒரு செபம் சொல்லத் தயங்க வேண்டியதில்லை. இறந்தோரைத் தரம் பிரிக்கும் பணி நம்முடையதன்று.

இக்கதையில் நான் மறவாத மனிதர் ஒருவர் உண்டு. அவர் இசைமேதை மனுவேல் தெ பாயா. நாள்தோறும் செபத்தில் தோய்ந்து வாழ்ந்த கத்தோலிக்கர். லோர்காவின் மூத்த நண்பர். லோர்கா நற்கருணையைப் பொருளாக வைத்துக் கவிதை ஒன்று எழுதி, 1928இல் அதன் பகுதிகளை இவருக்கு அர்ப்பணித்து வெளியிட்டார். தூய மறைபொருளை அக்கவிதை கையாண்ட முறை பாயாவின் பக்தியுள்ளத்திற்கு ஏற்கவில்லை. அதனை அவர் ஒளிக்கவும் இல்லை. எனினும் 1936 ஆகஸ்டில் லோர்கா கைதானார் என்று கேட்டதும், நோய்வாய்ப்பட்ட உடலோடு, கிரனாதாவின் ஆளுநர் மாளிகைக்கு நடந்தார் பாயா. யாருக்காகப் பேசினாலும் உயிருக்கு ஆபத்தான நாட்கள் அவை. ஆனால் அவர் சேர்வதற்குள் காலம் கடந்துவிட்டது. நண்பர் ஏற்கெனவே கொல்லப்பட்ட செய்தியோடுதான் அவர் திரும்பினார்.

சோரியாவில் கூச்சலிட்டவர்களும் கத்தோலிக்கர் என்றே தம்மைச் சொல்லிக்கொண்டனர். ஆளுநர் மாளிகைப் படியேறிய பாயாவும் கத்தோலிக்கரே. அவர்கள் நற்கருணை நாடகத்தையே பகையாகக் கண்டனர். இவரோ, தமக்கு ஒவ்வாத நற்கருணைக் கவிதையை எழுதியவரையும் சகோதரராகக் கண்டார். நாள்தோறும் பீடத்தில் அப்பத்தை உயர்த்தும் எனக்கு, இவ்விருவரில் யாருடைய விசுவாசம் அந்த அப்பத்திற்கு அருகில் நின்றது என்பதில் ஐயம் இல்லை. நமக்கு உடன்பாடில்லாதவன் கையில் நம் ஆண்டவரின் ஒளி வந்து சேரும்போது, நாம் கூச்சலிடுவோமா, அல்மாசான் உழவரைப் போல மழையிலும் நின்று கேட்போமா? விடை ஒவ்வொருவரின் உள்ளத்திலும் இருக்கிறது.