இலங்கையின் விமான சேவை: வரலாறும் வழக்கும்

1947ஆம் ஆண்டு டிசெம்பர் மாதம் 10ஆம் நாள், இரத்மலானை விமான நிலையத்திலிருந்து சீதாதேவி என்னும் பெயர் தாங்கிய டக்கோட்டா விமானம் ஒன்று வானில் எழுந்தது. அது காங்கேசன்துறையில் இறங்கி, பின்னர் பாக்கு நீரிணையைக் கடந்து சென்னையை அடைந்தது. இலங்கை சுதந்திரம் பெறுவதற்கு அப்பொழுது இரண்டு மாதங்கள் எஞ்சியிருந்தன. தேசியக் கொடி ஏறுமுன்னரே தேசிய விமானம் ஏறிவிட்டது எனலாம்.

எயார் சிலோன் என்பது அந்தச் சேவையின் பெயர். போக்குவரத்துத் துறைக்குப் பொறுப்பாயிருந்த சேர் ஜோன் கொத்தலாவலை அதன் தோற்றத்துக்கு முன்னின்று உழைத்தவர். மூன்று டக்கோட்டாக்களே அதன் முதற் செல்வம். ஒரு சிறு தீவு தனக்கென விமான சேவை ஒன்றை நடத்துவது தகுமா என்ற வினா அன்றே எழக்கூடியதாயிருந்தது. முக்கால் நூற்றாண்டு கழிந்த பின்னும் அவ்வினா ஓயவில்லை. கடன் மலைபோற் குவிந்துள்ள இக்காலத்தில் அது முன்னிலும் கூர்மை பெற்றுள்ளது. அயல் வானத்திலே சிங்கப்பூர், டுபாய், கட்டார் ஆகியவற்றின் நிறுவனங்கள் பெரிய விமானங்களும் சிறந்த உபசாரமும் கொண்டு பறக்கையில், நட்டத்தில் உழலும் சொந்தச் சேவையைக் காப்பது அறிவுடைமையா, வீம்பா என்பதே ஆராயத்தக்கது.

எயார் சிலோனின் வரலாறு பெரும்பாலும் பங்காளர்களைத் தேடிய வரலாறாகும். 1949இல் அவுஸ்திரேலிய நிறுவனம் ஒன்று பங்காளியாயிற்று; இலண்டனுக்கும் சிட்னிக்கும் விமானங்கள் சென்றன. 1951இல் சட்டமூலம் அது கூட்டுத்தாபனமாயிற்று. 1956இல் ஒல்லாந்தரின் கே.எல்.எம். நிறுவனமும், 1960களில் பிரித்தானிய நிறுவனமும், அதன் பின்னர் பிரெஞ்சு நிறுவனமும் துணை நின்றன. நெடுந்தூர விமானம் பிறருடையது. பெயர் மாத்திரம் இலங்கையுடையது என்ற நிலை பலகாலம் நீடித்தது. பங்காளர் விலகும்தோறும் சேவை தள்ளாடியது. 1970களின் இறுதியில் நிருவாகச் சீர்கேட்டாலும் கடனாலும் நலிந்து எயார் சிலோன் மறைந்தது.

அதன் இடத்தில் 1979ஆம் ஆண்டு செப்டெம்பர் முதலாம் நாள் எயார் லங்கா பறக்கத் தொடங்கியது. சிங்கப்பூர் நிறுவனத்திடம் குத்தகைக்குப் பெற்ற இரண்டு போயிங் 707 விமானங்களே அதன் ஆரம்ப மூலதனம். ஆறு ஆண்டுகளின் பின்னர், 1985ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்தில், டுபாயில் வேறொரு சேவை தோன்றியது. அதுவும் பாகிஸ்தான் நிறுவனத்திடம் குத்தகைக்குப் பெற்ற இரண்டு விமானங்களுடனேயே தொடங்கியது. அரசு அதற்கு வழங்கிய தொடக்க மூலதனம் ஒரு கோடி டொலர். எமிரேட்ஸ் என்னும் அச்சேவை மறு ஆண்டிலேயே கொழும்புக்கும் வந்திறங்கியது. அக்காலத்தில் எயார் லங்காவிடம் போயிங் 747 விமானங்கள் இருந்தன, எமிரேட்ஸிடம் இருக்கவில்லை.

ஏறத்தாழ ஒரே நிலையிற் பிறந்த இரு சேவைகளுள் ஒன்று உலகப் பெருநிறுவனமாக வளர, மற்றையது திறைசேரியின் தோளிற் சாய்ந்து நின்றது ஏன்? இவ்வினாவுக்கு விடை காணாமல் வழக்கைத் தீர்க்க முடியாது.

முதற் காரணம் இடம். ஐரோப்பாவிலிருந்து ஆசியாவுக்குச் செல்வோர் இறங்கி மாறிச் செல்வதற்கு டுபாய் ஏற்ற நடுவிடம். பயணிகள் அந்நகருக்கு வருவோராயிருக்க வேண்டியதில்லை. அதன் வழியே செல்வோராயிருந்தாற் போதும். விமான நிலையத்தையும் விமான சேவையையும் டுபாய் அரசு ஒருங்கே வளர்த்தது. கொழும்போ பெரும்பாலும் பயணத்தின் முடிவிடம். இரண்டாவது காரணம் போர். 1986ஆம் ஆண்டு மே மாதம் 3ஆம் நாள் கட்டுநாயக்காவில் நின்ற டிரைஸ்டார் விமானத்திற் குண்டு வெடித்து 21 பேர் மாண்டனர். 2001ஆம் ஆண்டு யூலை மாதம் 24ஆம் நாள் அதே நிலையத்தில் நிகழ்ந்த தாக்குதலில் பயணிகள் விமானங்கள் மூன்று அழிந்தன. வேறு சில சேதமுற்றன. இத்தகைய அடிகளை எந்த நிறுவனமும் எளிதில் தாங்காது.

மூன்றாவது காரணமே தலையாயது. அது முகாமை. 1998இல் எமிரேட்ஸ் நிறுவனம் எயார் லங்காவின் 40 சதவீதப் பங்கை வாங்கிப் பத்தாண்டுகளுக்கு நிருவாகப் பொறுப்பை ஏற்றது. மறு ஆண்டில் சேவை சிறீலங்கன் எயார்லைன்ஸ் என்று பெயர் மாறியது. 2001இன் பேரழிவின் பின்னரும் இலாபம் கண்ட ஆண்டுகள் அக்காலத்தில் இருந்தன. 2007ஆம் ஆண்டின் இறுதியில் இலண்டனிலிருந்து திரும்பவிருந்த அரச தலைவரின் குழுவினருக்கு இடமளிக்க, ஏற்கெனவே பயணச்சீட்டுப் பெற்றிருந்தவர்களை இறக்கிவிட நிருவாகம் மறுத்தது. அதனையடுத்துத் தலைமை நிறைவேற்று அதிகாரியின் வேலை அனுமதி இரத்தாயிற்று. 2008ஆம் ஆண்டு மார்ச் மாதத்துடன் எமிரேட்ஸின் நிருவாகமும் முடிவுற்றது. 2010இல் அதன் பங்குகளை அரசு 5 கோடியே 30 இலட்சம் டொலருக்கு மீள வாங்கியது. சில ஆசனங்களின் விலை அத்துணை பெரிதாயிற்று!

அதன் பின் நிகழ்ந்தவை யாவரும் அறிந்தவை. நட்டம் தொடர்ந்தது. 2014இல் வன்வேர்ல்ட் என்னும் உலகக் கூட்டணியிற் சேர்ந்தமை பெருமையாயிற்று. ஆயினும் பெருமை கடனை அடைக்கவில்லை. வாங்க ஒப்பந்தம் செய்த பெரிய விமானங்களை வேண்டாமென விலக்கியதற்கும் கோடிக்கணக்கான டொலர் இழப்பீடு கொடுக்க நேர்ந்தது. எயார்பஸ் நிறுவனம் 2020இல் பிரித்தானிய நீதிமன்றத்தில் ஏற்றுக்கொண்ட இலஞ்ச விவகாரங்களுள் இலங்கையின் கொள்வனவும் ஒன்றாயிருந்தது.

2022ஆம் ஆண்டு மே மாதத்தில், நாடு எரிபொருளுக்கும் மருந்துக்கும் தவித்த வேளையில், பிரதமர் ரணில் விக்கிரமசிங்க கணக்கை வெளிப்படையாகக் கூறினார். 2020–2021ஆம் ஆண்டில் மாத்திரம் நட்டம் 4,500 கோடி ரூபா. 2021 மார்ச் வரை திரண்ட நட்டம் 37,200 கோடி ரூபா. விமானத்தில் ஒருநாளும் காலடி வைக்காத ஏழையும் இச்சுமையைத் தாங்குகின்றான் என்று அவர் சுட்டிக்காட்டினார். இதுவே வழக்கின் உயிர்நாடி. மலையகத்துக் கொழுந்து பறிக்கும் பெண்ணும் மன்னாரின் மீனவனும் சீனிக்கும் மாவுக்கும் செலுத்தும் வரி, பிறர் பறப்பதற்கு உதவுகின்றது.

அவ்வாறாயின் மூடிவிடலாமே என்று கூறுவோர் உளர். அவர்கள் வாதத்துக்கும் சான்றுண்டு. 2001இல் சுவிஸ்எயார் விமானங்கள் தரையில் நின்றன. பெல்ஜியத்தின் சபேனா முறிந்தது. எனினும் அந்நாடுகளுக்குச் செல்வோர் இல்லாமற் போய்விடவில்லை. விற்றுவிடலாம் என்போர் இந்தியாவைக் காட்டுவர். 1953இல் அரசுடைமையான எயார் இந்தியா 2022இல் மீண்டும் டாட்டா குழுமத்திடம் சென்றது. ஆனால் அதன் கடனிற் பெரும்பகுதியை அரசே சுமந்தது என்பதையும் உடன் கூறுதல் வேண்டும். விற்பனை சுமையை நிறுத்தும். பழைய சுமையை நீக்காது. இலங்கையிலும் விற்கும் முயற்சிகள் பலமுறை நிகழ்ந்து கைகூடவில்லை. 2024இல் அமைந்த புதிய அரசு சேவையை அரசிடமே வைத்துச் சீரமைக்க முடிவு செய்தது.

காப்பாற்றுக என்போரின் வாதமும் வெறும் உணர்ச்சியன்று. 2020ஆம் ஆண்டு பெப்ரவரி முதலாம் நாள், கொள்ளைநோய் பரவிய சீனத்து வூகான் நகருக்குச் சிறீலங்கன் விமானமொன்று சென்று 33 மாணவர்களை மீட்டு வந்தது. அந்நகரை உலகம் அஞ்சி ஒதுங்கிய வேளை அது. இலாபக் கணக்குப் பார்க்கும் பிறநாட்டு நிறுவனத்துக்கு அத்தகைய கடமை இல்லை. உல்லாசப் பயணத்தையும் கடல்கடந்த தொழிலையும் நம்பி வாழும் தீவுக்கு, தன் கட்டளைக்குப் பணியும் விமானம் சில இருத்தல் காப்புறுதி போன்றதாகும். ஆனால் காப்புறுதிக்கும் ஓர் அளவுண்டு. வீட்டின் விலையை விடக் காப்புறுதிக் கட்டணம் மிகுமாயின், அதனை விவேகம் என்று எவரும் சொல்லார்.

எனவே, உபசாரத்திலும் ஆடம்பரத்திலும் பெருநிறுவனங்களுடன் போட்டியிடுவதற்காக இச்சேவை வாழ வேண்டியதில்லை. அப்போட்டி தோற்கும் போட்டி. வருமானத்திற் பெரும்பங்கை விழுங்கும் எரிபொருளுக்கும் குத்தகைக்கும் டொலரிற் செலுத்தும் சிறிய நிறுவனம், பெரியதைப் பார்த்து நடை பயிலுதல் கூடாது. பிறர் செல்லாத இடத்துக்குச் செல்வது, அயல்நாட்டுக் குறுந்தூர வழிகளை ஒழுங்காக நடத்துவது, நாட்டவர் இடருறும்போது உதவுவது ஆகியனவே அதன் உரிய பணிகள். அப்பணிகளின் செலவை ஆண்டுதோறும் பாராளுமன்றத்தில் வெளிப்படையாகக் கூறி, மக்கள் பிரதிநிதிகளின் இசைவைப் பெறுதல் வேண்டும். ஆசனப் பகிர்விலும் நியமனத்திலும் கொள்வனவிலும் அரசியற் கை நுழையாதிருத்தல் வேண்டும். இவை கூடுமாயின் அது வாழத்தக்கது. கூடாவாயின் அதன் பெயரால் ஏழையை வருத்துவது அறமன்று.

முதற் பயணத்தில் சீதாதேவி இறங்கிய வடபகுதியின் விமானத் தளம், நெடுங்காலம் போருக்குள் அடைபட்டிருந்து, 2019இல் யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையமாக மீண்டும் திறந்தது. அங்கிருந்து சென்னைக்கான பயணிகள் சேவையை அப்பொழுது தொடங்கியது இந்தியாவின் அலையன்ஸ் எயார் என்னும் நிறுவனம். 1947இல் மூன்று டக்கோட்டாக்களுடன் ஒரு சிறு சேவை முதன்முதலாகத் தெரிந்தெடுத்த வழி அது.